பிலிமுக்கு அடியில்

மதிவாணன் கைப்பேசி விளக்கைப் போட்டுக்கொண்டு சைக்கிளுக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

புஷ்பவள்ளி கிரில் கதவைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டு நின்றாள். தெப்ராவில் அவள் குடியிருக்கும் வரிசை வீட்டின் வாசல் அது. சைக்கிள் கிளப்புக்குச் சொந்தம். மதிவாணன் கிளப்பின் செயலாளர். இத்தனை நாளும் அதில் போட்டிகளுக்குப் போய்வந்தவள் புஷ்பவள்ளியின் மகள் லோஷினி.

இனி அது வேறொரு பெண்ணுக்கு. அந்தப் பெண்ணின் அம்மா பிரேமலாவையும் மதிவாணன் கையோடு அழைத்து வந்திருந்தார். அவள் வெளிக்கேட்டுக்கு அருகே ஒதுங்கி நின்றாள்.

"இங்க ஒரு கோடு. இங்க ஒண்ணு. என்னக்கா இது, இவ்வளவு கீறல்?" என்றார் மதிவாணன்.

"அது பிலிம்ல சார். பெயிண்ட்ல இல்ல."

அவர் நம்பவில்லை. நகத்தால் சுரண்டிப் பார்த்தார்.

புஷ்பவள்ளிக்கு முகம் சூடேறியது. சைக்கிளைக் கொடுத்த அன்று இதே மனிதர் இதே வாசலில் நின்று, பெயிண்டில் ஒரு கோடு விழுந்தாலும் நீங்கள்தான் பொறுப்பு என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்தப் பயத்தில்தான் அம்மாவும் மகளும் காருக்கு ஒட்டுகிற, கண்ணாடி மாதிரியான பிலிமை வாங்கி வந்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க அதிலேயே போயிற்று. துண்டு துண்டாக வெட்டி, சோப்புத் தண்ணீர் தெளித்து, உள்ளே மாட்டிய காற்றுக் குமிழ்களைப் பழைய டோல் கட்டண அட்டையால் தள்ளித் தள்ளி வெளியேற்றினார்கள். வளைவில் சுருங்கிய இடங்களை லோஷினி ஹேர் டிரையரால் சூடுகாட்டி இழுத்து ஒட்டினாள்.

"என் மூஞ்சியக்கூட நான் இப்படிப் பாத்துக்கிட்டதில்லம்மா" என்று சிரித்தாள்.

மதிவாணன் எழுந்தார். "பிச்சுக் காட்டுங்கக்கா. உள்ள எப்படி இருக்குன்னு தெரியணும் லா. நாளைக்கு இவங்க வந்து எங்களைக் கேக்கக்கூடாது பாருங்க."

அவர் பிய்ப்பதாக இல்லை. கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

புஷ்பவள்ளி உட்கார்ந்து ஓரத்தைக் கிளப்பி இழுத்தாள். பிலிம் பாம்புச் சட்டைபோல நீளமாக உரிந்தது. வலது பக்கத்தில் இருந்த ஆழமான கீறல்கள் எல்லாம் அதோடேயே வந்துவிட்டன. அடியில் சிவப்புப் பெயிண்ட் அப்படியே பளபளத்தது.

மதிவாணன் விரலால் தடவிப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"அலமாக், புதுசு மாதிரியே இருக்கே! நல்ல வேளை, ஒண்ணும் ஆகல."

ஒண்ணும் ஆகல.

புஷ்பவள்ளி கையிலிருந்த பிலிமைக் கசக்கினாள். அது மடங்காமல் விறைத்துக்கொண்டு நின்றது.

பிரேமலா அருகில் வந்தாள். "இந்த பிலிம் எங்கக்கா வாங்குனீங்க? நானும் ஒட்டிக் குடுக்கணும். என் மக சின்னவ, எங்கயாச்சும் உரசிக்கிட்டு வந்துருவா. உங்க மக இனிமே ஓட்டலன்னு சார் சொன்னாரு. பரீட்சையா?"

புஷ்பவள்ளி மதிவாணனைப் பார்த்தாள். அவர் வேறெங்கோ பார்த்தார்.

"பிலிம் கிடக்கட்டும்மா. அந்த பிரேக்கைப் பிடிச்சுப் பாருங்க."

"அக்கா, அதெல்லாம் கிளப்புல பாத்துக்குவோம்..."

"எப்ப? பிரேக் பிடிக்கலன்னு எத்தனை தடவை சொன்னேன்? வெளிக்கடையில கை வைக்காதீங்க, நாங்க பாத்துக்கறோம்னீங்க. பயிற்சிக்கு வரலன்னா டீம்லருந்து பேரை எடுத்துருவேன்னீங்க. உங்களை நம்பித்தானே என் மக ஏறினா? பயிற்சிக்குப் போற வழியில அந்தப் பாலத்து இறக்கத்துல நிறுத்த முடியாம போயி விழுந்தா. இன்னைக்கு இவ்வளவு நேரம் லைட் அடிச்சுப் பாத்தீங்களே, பிரேக்கைப் பாத்தீங்களா?"

அவள் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டுச் சீன அம்மாள் ஜன்னல் திரையை விலக்கினாள்.

பிரேமலா ஒரு பிரேக்கை அழுத்தினாள். அது கைப்பிடியோடு போய் ஒட்டிக்கொண்டது. மற்றதையும் அழுத்தினாள். இரண்டையும் பிடித்தபடியே சைக்கிளைத் தள்ளினாள். சக்கரம் பாட்டுக்கு உருண்டது.

அவள் சைக்கிளை மெல்லச் சுவரில் சாய்த்தாள்.

"மேடம், சின்ன வேலைதான், நாளைக்கே சரி பண்ணி..." என்று மதிவாணன் ஆரம்பித்தார்.

பிரேமலா அவர் பக்கம் திரும்பவில்லை. செருப்பைக் கழற்றி வாசலோரம் விட்டாள்.

"உங்க மக எங்கக்கா?"

புஷ்பவள்ளி கிரில் கதவை அகலத் திறந்தாள்.

"உள்ள வாங்க. ஹால்லதான் படுத்திருக்கா. இடுப்புல பிளேட் வச்சிருக்காங்க. எழுந்து உக்கார இன்னும் நாளாகுமாம்."