தொட்டியில் எட்டு மீன்

நேற்று தொட்டியில் பன்னிரண்டு ஜிலேபிக் கெண்டை இருந்தன. இன்று எட்டுதான்.

ஜெயச்சந்திரன் மறுபடியும் எண்ணிப் பார்த்தார். பத்து மணிக்கு மாசுக் கட்டுப்பாட்டு அதிகாரி வந்துவிடுவார்.

சாத்தூர்ப் பக்கம் சைக்கிள் ஹேண்டில்பாருக்கு முலாம் பூசுகிற கம்பெனி. வாசலில், 'புகை விடாத வண்டி, பூமிக்கு நண்பன்' என்று பெரிய போர்டு. கழிவுத் தண்ணீரைச் சுத்தம் செய்வது ஜெயச்சந்திரன் பொறுப்பு. அது இந்தத் தொட்டி வழியாகத்தான் கண்மாய்க்குப் போகும். மீன் பிழைத்தால் நல்ல தண்ணீர் என்று கணக்கு.

ஆறு மாதமாகச் சுத்திகரிப்பு மருந்தைப் பாதியாகக் குறைக்கச் சொல்லிவிட்டார் முதலாளி. இவரும் பயந்துகொண்டேதான் குறைத்தார். ஆனால் ஒரு மீனாவது செத்து மிதக்க வேண்டுமே! வாரத்துக்கு இரண்டு மூன்று காணாமல் போகும், அவ்வளவுதான். புதிதாக வாங்கி விட்டுக்கொண்டிருந்தார்.

செத்தால் மிதக்கும். மிதக்காமல் குறைந்தால் அது திருட்டுத்தானே?

திருடுவது யாரென்றும் தெரியும். காலையில் முதல் ஆளாக வந்து கூட்டுகிற நாகஜோதி. பட்டாசு விபத்தில் கை வெந்தவள் என்று இரக்கப்பட்டு இவரே வேலைக்குச் சேர்த்தார். அவளுக்கு எவ்வளவு துணிச்சல்!

அதிகாரி வந்ததும் தொட்டியைத்தான் பார்த்தார்.

"பதிவுல பன்னெண்டு இருக்கே. நாலு செத்துப்போச்சா?"

"ஐயோ, சாகல சார், களவு போகுது! ஏ நாகஜோதி, இங்கன வா. அந்தத் தூக்குவாளியத் தொற."

அவள் வாளியை இடுப்போடு அணைத்துக்கொண்டாள்.

"பெறகு பேசிக்கிடலாம் சார்."

"குழம்புக்கு எம்புட்டு எடுத்தே?"

"ஆமா சார், குழம்புக்குத்தான் எடுத்தேன். இப்பமே வேலைய விட்டு நின்னுக்கிடுதேன். தொறந்து மட்டும் பாக்காதீக."

அவள் கண்ணால் கெஞ்சினாள். அது புரிகிற நிலையிலா இருந்தார் அவர்? வெடுக்கென்று பிடுங்கித் திறந்தார்.

உள்ளே நாலு மீன். வெளுத்துப்போய், செவுளெல்லாம் புண்ணாகி, விறைத்துக் கிடந்தன.

அதிகாரி பேனாவை எடுத்தார்.

"செத்ததயெல்லாம் நீங்க வாரதுக்குள்ள அள்ளிக் கொண்டுபோயிப் பொதைச்சேன் சார்," என்றாள் நாகஜோதி. "கண்மாய்த் தண்ணி குடிச்சு என் ஆடு ரெண்டு செத்துச்சு. அப்பயும் வாயத் தொறக்கல. இந்தக் கம்பெனியப் பூட்டிட்டா நாங்க அறுவது பேரும் மறுபடி பட்டாசுக்குத்தான சார் போகணும்?"