டுரியான் விழுந்த கை

"ரோட்டோரமாப் போன மனுஷன் கையில உங்க முள்ளு டுரியான் பழம் விழுந்து எலும்பு முறிஞ்சிருக்கு. நஷ்டஈடு குடுங்கக்கா!" என்று தோட்டக்காரி மாலியிடம் கொதித்தாள் பிரானி.

கைக்கட்டுடன் நின்ற அவள் கணவன் சுதின், "விடு, போகலாம்" என்று முனகினான்.

"வாயில்லாப் பூச்சி! நீ பேசாம இரு."

மாலி மறுபேச்சின்றிப் பணம் கொடுத்தாள். பிரானி பைக்கை எடுக்க வெளியே போனதும் மாலி சுதினை நெருங்கினாள்.

"எங்க தோட்டத்துல ஒவ்வொரு பழத்தையும் கிளையோட கயிறு போட்டுக் கட்டியிருக்கு தம்பி. யாராச்சும் அறுத்தாத்தான் விழும். விழுந்த பழத்தோட இதுவும் மரத்தடியில கிடந்துச்சு."

அவன் பெயர் செதுக்கிய கத்தியை அவனது நல்ல கையில் வைத்தாள்.

வெளியிலிருந்து பிரானி குரல் கொடுத்தாள்: "தங்கமான அக்கா! நல்லாக் கும்பிட்டுட்டு வா!"

ஒரு கையில் கட்டு, மறு கையில் கத்தி. எந்தக் கையால் கும்பிடுவான் சுதின்?