மனசு மல்லி

மனசு மல்லி வந்த பிறகு, பெண் பார்க்க வருகிறவர்கள் யாரும் பெண்ணிடம் சம்மதம் கேட்பதில்லை. பிடித்தவர் பக்கத்தில் வந்தால் கூந்தலில் இருக்கும் மொட்டு விரியும். வாசனையே பதில் சொல்லிவிடும்.

பூரணிக்குக் காலையிலிருந்து கால் தரையில் பாவவில்லை. தன் மனசு மல்லிச் சரத்தில் ஒரு துண்டை நறுக்கி, "வேண்டாண்டி, அப்பா போனப்புறம் நான் பூவே வச்சதில்ல" என்று விலகிய அம்மா மரகதத்தின் கொண்டையிலும் செருகிவிட்டாள்.

மாப்பிள்ளை அகிலன், மனைவியை இழந்த தன் அப்பா சிவநேசனோடும் அத்தையோடும் வந்து எதிரே உட்கார்ந்தான். நல்ல பையன்தான். ஆனால் மொட்டு அசையவில்லை. மாத்திரை போட வெந்நீர் கேட்டு சிவநேசன் அடுக்களைப் பக்கம் போனார்.

சட்டென்று கூடம் முழுக்க மல்லிகை மணந்தது.

"பூத்துடுச்சு! பொண்ணுக்குச் சம்மதம்!" என்று அத்தை கைதட்டினாள்.

பூரணி தலையைத் தடவிப் பார்த்தாள். ஒரு மொட்டுகூட விரியவில்லை. அகிலன் மூக்கை உறிஞ்சியபடி மெல்ல அடுக்களைப் பக்கம் திரும்பினான். அவளும் திரும்பினாள்.

அங்கே அம்மா கொண்டையைப் பொத்திக்கொண்டு நின்றாள். விரலிடுக்கெல்லாம் வெள்ளை வெளேரென்று பூ. பிடுங்கி எறியத்தான் கை போயிருக்க வேண்டும், ஆனால் எறியவில்லை. சிவநேசன் வெந்நீர் டம்ளரோடு சிலையாக நின்றார்.

"ஆமாங்க, பொண்ணுக்குச் சம்மதம்தான்!" பூரணி துள்ளி எழுந்து தாம்பூலத் தட்டை எடுத்தாள். "அகிலன், எந்திரிங்க. தட்டு மாத்திக்க இப்ப நாமதான் பெரியவங்க."