கழுவி வைத்த ஸ்லைடுகள்

"இது என்னம்மா?"

பேராசிரியர் செல்லதுரை அந்தத் துண்டுக் காகிதத்தைச் செத்த பல்லியைத் தூக்குவதுபோல இரண்டு விரலால் தூக்கிப் பிடித்தார்.

சிவப்பு மைக் கறை – கல்லீரல். பசை வழிந்தது – நுரையீரல். எறும்பு ஒட்டினது – சிறுகுடல். இப்படிப் பதினைந்து வரிகள்.

ஒரத்தநாட்டுப் பக்கம் இருக்கும் அந்த ஃபார்மஸி கல்லூரியில், முதலாண்டுப் பிள்ளைகளுக்கு மறுநாள் உடற்கூறியல் பிராக்டிகல். மைக்ராஸ்கோப்பில் ஸ்லைடு இருக்கும். பார்த்து, எந்த உறுப்பு என்று எழுத வேண்டும். ஸ்லைடிலிருக்கும் பெயர் தெரியாதபடி மேலே ஒரு காகிதம் ஒட்டியிருப்பார்கள். ஒட்டிப் பத்து வருஷமாகிறது. அந்தக் காகிதத்து அழுக்கை அடையாளம் வைத்துக்கொண்டு, மைக்ராஸ்கோப்பில் கண்ணையே வைக்காமல் பாஸ் பண்ணிவிட வகுப்பு மொத்தமும் தயாராக இருந்தது.

"எல்லார் செல்போன்லயும் இந்த போட்டோ இருக்கு. எழுதினது நீதானே?"

"நான்தான் சார்," என்றாள் ரிஃப்கா. "மதியம் சாப்பாட்டு நேரத்துல வந்து, ஒவ்வொரு ஸ்லைடா மைக்ராஸ்கோப்புல பார்த்து எழுதினேன். புரியலைன்னு ஃப்ரெண்ட்ஸ் கேட்டாங்க, கொடுத்தேன். தப்புதான் சார்."

"பார்த்து எழுதினா அதுக்குப் பேர்தான் காப்பி! நாளைக்கு நீ பரீட்சைக்கு வர வேண்டாம்."

செல்லதுரைக்குப் பத்தொன்பது வருஷ சர்வீஸ். இரண்டு கலர் சாக்பீஸில் ஏழே நிமிஷத்தில் போர்டில் சிறுநீரகம் வரைந்துவிடுவார். வகுப்புக்கு நாலு தடவையாவது நேர்மை என்று சொல்லாவிட்டால் அவருக்கு அன்றைக்குச் சோறு இறங்காது.

"சார், எங்க அத்தா இருபது வருஷமா முத்துப்பேட்டையில இன்னொருத்தர் மெடிக்கல் ஷாப்புல நிக்கிறாங்க. நான் படிச்சு முடிச்சாத்தான் சொந்தமாக் கடை வைக்க லைசென்ஸ் கிடைக்கும். இதுல அரியர் விழுந்தா…"

"மன்னிப்புக் கடிதம் எழுதிட்டு வா. யோசிக்கிறேன்."

அவள் போனதும் செல்லதுரை காரியத்தில் இறங்கினார். லேப் அசிஸ்டென்ட் விஜயலட்சுமியைக்கூட நம்பாமல், பதினைந்து ஸ்லைடையும் வாளி வெந்நீரில் தானே ஊறப் போட்டார். கறை, பசை, எறும்பு எல்லாம் போயிற்று. புதுக் காகிதம் வெட்டி, ஒன்று முதல் பதினைந்து வரை எண் எழுதி ஒட்டிவிட்டு, ஊழலை ஒழித்த திருப்தியோடு வீட்டுக்குப் போனார்.

காலையில் விஜயலட்சுமி கேட்டாள்.

"சார், எக்ஸ்டர்னல் எக்ஸாமினர் மேடம்கிட்ட விடைத்தாள் கொடுக்கணுமே. ஒண்ணாம் நம்பர் எது?"

செல்லதுரை வாளியைப் பார்த்தார். பழைய காகிதத்தோடு அடியிலிருந்த பெயர்களும் உரிந்து, தண்ணீரில் கூழாகிக் கிடந்தன.

"இது ஒரு விஷயமா?" என்று மைக்ராஸ்கோப்பில் குனிந்தார்.

ஒரே ரோஸ் கலர். அடுத்ததை வைத்தார். அதுவும் ரோஸ். மூன்றாவதில் கொஞ்சம் ஊதா. பக்கத்து வயலில் அறுவடை மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. சுணை பறந்து வந்து லென்ஸில் படிந்திருக்கும் என்று நன்றாகத் துடைத்துவிட்டுப் பார்த்தார். இப்போது ஒன்றும் புரியாதது தெளிவாகத் தெரிந்தது.

"எக்ஸ்டர்னல் மேடம் டிபன் சாப்பிட்டுக் கிளம்பிட்டாங்களாம் சார். டிரைவர் போன் பண்ணினார்."

செல்லதுரையின் நெற்றி வேர்த்தது. அப்போதுதான் வாசலில் கடிதத்தோடு ரிஃப்கா நிற்பது கண்ணில் பட்டது. இவ்வளவு கனிவாக அவர் யாரையும் கூப்பிட்டதில்லை.

"வாம்மா, வா. ஏதோ பார்த்து எழுதினேன்னு சொன்னியே? நிஜமான்னு நான் சோதிக்கணும். இது என்ன சொல்லு."

ரிஃப்கா குனிந்தாள். "சிறுநீரகம் சார். உருண்டை உருண்டையா இருக்கு, ஒவ்வொண்ணையும் சுத்தி வெள்ளையா ஒரு வளையம்."

"ம்." எழுதிக்கொண்டார். "அடுத்தது?"

"இதயத் தசை சார். கிளை கிளையாப் பிரியுது பாருங்க, எலும்புத் தசை இப்படிப் பிரியாது."

"சரிதான்," என்றார், வெகுநாளாகத் தெரிந்தவர்போல. "அடுத்தது?"

புத்தகத்தைத் தொடாமல், ஒன்றில்கூடத் தயங்காமல், பத்தே நிமிஷத்தில் பதினைந்தையும் சொல்லி முடித்தாள். விஜயலட்சுமி வாயைப் பிளந்தபடி நின்றாள். சும்மா சொல்லக் கூடாது, அந்தக் கட்டடத்தில் அன்றைக்கு உடற்கூறியல் தெரிந்த ஒரே ஆள் அந்தப் பெண்தான்.

செல்லதுரை விடைத்தாளின் அடியில் கையெழுத்துப் போட்டு, சீல் வைத்து, உறைக்குள் போட்டு ஒட்டினார். பிறகு மன்னிப்புக் கடிதத்தை வாங்கிப் படித்தார். அவர் முகம் இளகியது.

"தங்கமான பொண்ணும்மா நீ. செஞ்ச தப்பை மன்னிச்சுட்டேன்."

ரிஃப்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. "ரொம்பத் தேங்க்ஸ் சார்! அத்தாவுக்கு போன் பண்ணிச் சொல்லிடறேன். நான் எந்த பேட்ச்ல உட்காரணும் சார்?"

வாசலில் கார் வந்து நின்றது. செல்லதுரை உறையைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்தார். மனசாட்சி உள்ள மனிதர். நிஜமாகவே அவருக்குச் சங்கடமாக இருந்தது.

"எப்படிம்மா உட்கார வைக்கிறது? பரீட்சைக்கு முன்னாடியே பதினஞ்சு ஸ்லைடையும் பார்த்துட்டியே! உன்னை உள்ள விட்டா மத்த பிள்ளைங்களுக்கு நான் செய்யற துரோகம் ஆயிடாதா?"