புருஷனுக்குப் புரியாத கணக்கு

“புரியல. மறுபடி சொல்லு” என்றார் தச்சர், ஜன்னல் சட்டத்தை இழைத்துக்கொண்டே.

அவர் மனைவி நோட்டைத் தூக்கி மேஜையில் போட்டாள்.

“பத்து நாளா இதையேதான் சொல்றேன். செங்கோண முக்கோணத்துல ரெண்டு சின்னப் பக்கத்தோட சதுரத்தையும் கூட்டினா, பெரிய பக்கத்தோட சதுரம் வரும்.”

“அது ஏன் அப்படி?”

“படம் போட்டு நிரூபிச்சுக் காட்டினேனே!”

“படமெல்லாம் நமக்கு ஆகாது. பொருந்துதான்னு கையில காட்டு.”

ஊரிலிருந்து வந்திருந்த தச்சரின் அக்காவுக்குப் பொறுக்கவில்லை. விடிந்தால் தம்பி மனைவிக்குப் பத்தாம் வகுப்புக் கணக்குப் பரீட்சை. முப்பத்தெட்டு வயதில் மூன்றாவது முயற்சி. இரண்டு முறை மனப்பாடம் செய்துபோய்க் கோட்டை விட்டவள். இந்தத் தடவை தேறினால்தான் பாலர் பள்ளி ஆயா வேலை நிரந்தரமாகும்.

“ஏன்டா, எட்டாங்கிளாஸ் தாண்டாத மண்டைக்கு இது எதுக்கு? அவளைப் படிக்க விடுடா!”

“புரியலைன்னா கேட்கக் கூடாதா, அக்கா?”

மனைவிக்கு ரோஷம் வந்துவிட்டது. பழைய அட்டைப் பெட்டியில் ஒரே அளவாக நாலு செங்கோண முக்கோணம் வெட்டினாள். சின்னப் பக்கங்கள் இரண்டும் சேர்ந்த நீளத்துக்குத் தரையில் ஒரு சதுரம் கோடு போட்டு, மூலைக்கு ஒன்றாக வைத்தாள். நடுவில் சாய்வாக ஒரு சதுரம் காலியாக இருந்தது.

“இது பெரிய பக்கத்தோட சதுரம்.”

முக்கோணங்களை இரண்டிரண்டாகச் சேர்த்து நகர்த்தினாள். இப்போது காலியாக இருந்தவை இரண்டு சின்னச் சதுரங்கள்.

ஒரு நிமிஷம் அவளே அசந்து நின்றாள்.

“கட்டமும் மாறல, நாலு துண்டும் மாறல. மிச்ச இடம் மட்டும் எப்படிங்க மாறும்?”

“அட, ஆமா!” தச்சர் தலையைச் சொறிந்தார்.

காலையில் அவள் சிரித்தபடியே கிளம்பினாள். “இவருக்கே புரிய வெச்சுட்டேன் அண்ணி, பேப்பர் திருத்துறவங்க எம்மாத்திரம்!”

“மக்குப் பயல்” என்று முணுமுணுத்துக்கொண்டே அக்கா பட்டறையைப் பெருக்கினாள். பலகைக்கு அடியில் விளக்குமாறு எதிலோ இடித்தது.

ஒரு சதுரச் சட்டம். அதற்குள் வழவழவென்று இழைத்த நாலு மர முக்கோணங்கள். மூலைக்கு ஒன்றாக வைத்தாள், பொருந்தின. இரண்டிரண்டாக நகர்த்தினாள், அப்போதும் பொருந்தின. சட்டத்தின் மேல் ஒரு விரல் தூசி.

“டேய்... உனக்கு முன்னாடியே தெரியுமா?”

தச்சர் அவசரமாக அதை வாங்கி மரத்தூள் சாக்குக்குள் திணித்தார்.

“அவகிட்ட சொல்லிடாதே, அக்கா. அறிவியல் பரீட்சை இன்னும் பாக்கி இருக்கு. அதுவரைக்கும் நான் மக்காவே இருந்துட்டுப் போறேன்.”