பகையாளி பார்த்த எஞ்சின்

"பலராமனையா கூப்பிடறீங்க? அவன் எங்க குடும்பத்துக்கே பகையாளி!" என்று குதித்தான் சாமிநாதன்.

"அதுக்குத்தான் கூப்பிடறேன்" என்றார் மரியசுந்தரம். "உங்க சொந்தக்காரன் பார்த்தா செத்த எஞ்சினைக்கூட நல்லா இருக்குன்னுவான். பகையாளி அப்படிச் சொல்ல மாட்டான்."

மரியசுந்தரம் கடலூரில் மீன் வியாபாரி. பழைய டீசல் படகு ஒன்று வாங்க எங்கள் பூரணாங்குப்பத்துக்கு வந்திருந்தார்.

அந்தப் பகையாளி நான்தான். எங்கள் ஊரில் எஞ்சின் கோளாறு பார்க்கத் தெரிந்தவனும் நான்தான்.

படகு, சாமிநாதனின் அண்ணன் கண்ணையன் ஓட்டியது. போன மழைக்காலத்தில் காமாலை வந்து கண்ணையன் போய்விட்டான். இருந்த காலத்தில் என் வலை மேலேயே படகை ஓட்டி அறுத்தவன். அதற்கப்புறம் நானும் அவனும் பேசியதில்லை. சாவுக்கும் நான் போகவில்லை. செத்துவிட்டான் என்பதற்காகக் கோபத்தை விட்டுவிட நான் ஒன்றும் சாமியார் இல்லை.

ஆற்று முகத்துவாரத்தில் படகு கட்டிக் கிடந்தது. கரையில் ஊர்ப் பஞ்சாயத்தார் நின்றார்கள். சற்றுத் தள்ளி, கண்ணையன் பெண்சாதி பவுனம்மாள், இரண்டு பெண் பிள்ளைகளோடு. அழுது அழுது முகம் வீங்கியிருந்தது.

சாமிநாதன் வில்லியனூரில் மில் வேலைக்காரன். கடலில் கால் நனைத்ததில்லை. ஆனாலும், பாகம் பிரிக்காத சொத்து, எனக்கும் பாத்தியதை உண்டு என்று பஞ்சாயத்தில் பேசி, படகை விற்கச் சம்மதம் வாங்கிவிட்டான்.

"வித்தாத்தான் அண்ணிக்கும் புள்ளைங்களுக்கும் சோறு. ஏதோ நல்ல வார்த்தையா சொல்லுபா" என்றான் என்னிடம்.

"நல்ல வார்த்தை வேணும்னா கோயில் பூசாரிகிட்ட போ. நான் எஞ்சின் பாக்க வந்தவன்."

படகில் ஏறினேன். மரியசுந்தரமும் பின்னால் ஏறினார். முதலில் எஞ்சின் மேல் கை வைத்தேன்.

"இன்னா பாக்கற?" என்றார்.

"சூடா இருக்கான்னுதான். நாம வர்றதுக்கு முன்னாடியே ஓட்டிச் சூடு பண்ணி வெச்சிருப்பாங்க. அப்புறம் சுத்தினதும் கிளம்பிடும், நாமளும் ஏமாந்துடுவோம். ஆறின எஞ்சின்தான் நெசம் பேசும்."

"இது ஜில்லுனு இருக்கே?"

"அவசரப்படாதீங்க."

எண்ணெய்க் கம்பியை உருவி, விரலில் தேய்த்து, மோந்து பார்த்தேன். முகத்தைச் சுளித்தேன். அடிப்பலகையைத் தூக்கி, எஞ்சினுக்குக் கீழே தோள் வரைக்கும் கை விட்டுத் துழாவினேன். பிறகு கைப்பிடியைப் போட்டுச் சுற்றினேன்.

எஞ்சின் கிளம்பிவிட்டது. கரையில் சாமிநாதன் கை தட்டினான்.

"வெளிப்பக்கம் அந்தக் குழாயைப் பாருங்க" என்றேன் மரியசுந்தரத்திடம். "ஆத்துத் தண்ணி உள்ள வந்து, எஞ்சினைக் குளிர வெச்சிட்டு, அது வழியாத்தான் வெளிய கொட்டணும். கொட்டுதா?"

எட்டிப் பார்த்தார். "ஒரு சொட்டுகூட இல்லியே!"

கொஞ்ச நேரத்தில் பெயின்ட் கருகுகிற வாடை வந்தது. எஞ்சினைத் தொட்டவர் வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டார். நான் உடனே நிறுத்தினேன்.

"பம்பு போச்சு. ஹெட்டும் போயிருக்கும். நடுக்கடல்ல நின்னா இழுத்துக்கினு வர இன்னொரு படகுதான் தேடணும். இது படகு இல்லிங்க, பாடை!"

கரை முழுக்கக் கேட்கிற மாதிரிதான் சொன்னேன்.

மரியசுந்தரம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கி நடந்துவிட்டார்.

சாமிநாதன் பாய்ந்து வந்தான். "செத்தவன் மேலகூடவாடா வஞ்சம்? வேணும்னே கெடுத்துட்ட!"

"வேற ஆளைக் கூட்டியாந்து காட்டேன். அதுக்கு முன்னாடி எஞ்சினைப் பிரிச்சு வேலை பாக்கணும். பாகஸ்தன் நீ. பாதிச் செலவு உன்னுது."

"இந்தத் துருப்புடிச்ச இரும்புக்கு நான் செலவு பண்ணணுமா?"

"பாகம் கேட்டியேப்பா?"

"எனக்கு ஒரு பாகமும் வாணாம்! இந்தப் பாடையை அண்ணியே கட்டிக்கினு அழட்டும்!"

"பஞ்சாயத்தார் காதுல வுழுற மாதிரி சொல்லு."

"வாணாம்யா! படகும் வாணாம், பாகமும் வாணாம்! போதுமா?"

பஞ்சாயத்தார் தலையை ஆட்டினார்கள். எங்கள் ஊரில் அவர்கள் முன்னால் விட்டுக்கொடுத்தால் விட்டதுதான். மறுபடி வந்து கேட்க முடியாது.

சாமிநாதன் சைக்கிளை எடுத்துக்கொண்டு வில்லியனூர் பக்கம் போனான். கூட்டம் கலைந்தது.

பவுனம்மாள் மட்டும் போகவில்லை. குனிந்து ஒரு பிடி மண்ணை அள்ளி என் மேல் வீசினாள்.

"நீ நல்லா இருப்பியா? எங்களுக்கு இருந்தது அது ஒண்ணுதான். அதையும் குப்பையாக்கிட்டியே, பாவி!"

தோளில் இருந்த மண்ணைத் தட்டிவிட்டேன்.

"வீசினது போதும். போய், எஞ்சினுக்கு அடியில தண்ணி வர்ற வால்வைத் தொறந்து வுடு. நான்தான் மூடுனேன்."

அவள் விழித்தாள்.

"எஞ்சின் கல்லு மாதிரி இருக்கு பவுனம்மா. வித்திருந்தா உன் கொழுந்தன் வில்லியனூர்ல மாடி வூடு கட்டியிருப்பான். உன்னை வாசப்படியில நிக்க வெச்சிருப்பான். இப்ப படகு உன்னுது. ஆள் வெச்சி ஓட்டு. புடிக்கிற மீன்ல படகுப் பங்கு உன் வூடு தேடி வரும்."

அவள் இரண்டு கையையும் கூப்பினாள். "மாமா... உங்களைப் போயி நான்..."

"இந்தக் கும்பிடற வேலையெல்லாம் வாணாம். அறுந்த வலைக்கு ஞாயம் கேட்டப்ப, உன் புருஷன் என்னைப் பொய்யன்னு ஊர் முன்னால சொன்னான். சாவுற வரைக்கும் அதை நான் மன்னிக்க மாட்டேன். அன்னிக்கு நான் சொன்னது நெசம். பொய் சொன்னது இன்னிக்குத்தான்."