ஒரு வண்டிக்குத்தான் மருந்து

"மூடியைத் திறடா."

"பந்தயத்துக்கு அரை மணி நேரம்தான் இருக்கு மாமா!"

"அதான் திறன்னு சொல்றேன்."

லுவாசி பல்லைக் கடித்துக்கொண்டு பைக்கின் ரேடியேட்டர் மூடியைத் திறந்தான். பந்தய வண்டிகளைச் சோதிக்கும் டானி மாமா விரலை விட்டுப் பார்த்தார். பச்சையாக ஒட்டியது.

"கூலன்ட்! ட்ராக்குல சிந்தினா எண்ணெய் மாதிரி வழுக்கும், தெரியாதா? எல்லாத்தையும் வடிச்சுட்டுத் தண்ணி ஊத்து. இல்லேன்னா வண்டியை எடுக்காதே."

"யாரு போட்டுக்கொடுத்தது?"

"நான்தான்," என்றாள் பக்கத்துக் கூடாரத்து ரெத்தபிலே. தன் பைக்குக்குப் புது ரப்பர் குழாய் மாட்டித் தண்ணீர் நிரப்பிக்கொண்டிருந்தாள். "போன வருஷம் யாரோ சிந்தின கூலன்ட்ல வழுக்கிதான் என் கை ஒடிஞ்சுது."

"கையாவது காலாவது! கோப்பை போயிடும்னு பயம். அதைச் சொல்லு."

அவன் எரிச்சலுக்கும் காரணம் இருந்தது. புள்ளிகளில் இருவரும் சமம். ஃப்ரீ ஸ்டேட் கோப்பை இன்று முந்துகிறவருக்குத்தான்.

முணுமுணுத்தபடியே வடித்தான், கழுவினான், தண்ணீர் ஊற்றினான். ஆனால் இந்த வெயிலில் வெறும் தண்ணீரை நம்பினால் அவனுடைய கிழட்டு எஞ்சின் பாதியிலேயே கொதித்துவிடும். தண்ணீரில் கலந்தால் சூட்டை இறக்கும் மருந்து ஒன்று உண்டு. அது வழுக்காது, விதியும் தடுக்காது. ப்ளூம்ஃபொன்டைன் போய் வாங்கிவரத்தான் நேரமில்லை. ஆத்திரத்தில் ஸ்பானரை வீசி எறிந்தான்.

கொஞ்ச நேரத்தில் டானி மாமா ஒரு பாட்டிலோடு வந்தார்.

"அடியில கொஞ்சம் இருக்கு. ஒரு வண்டிக்குத்தான் காணும்."

"யாரோடது மாமா?"

"தொணதொணக்காம ஊத்துடா!"

பந்தயம் முழுக்க ரெத்தபிலேதான் முன்னால் போனாள். கடைசிச் சுற்றில் அவள் பைக்கிலிருந்து குபுகுபுவென்று ஆவி கிளம்பியது. ஓரங்கட்டிவிட்டாள். லுவாசி ஜெயித்தான்.

கோப்பையும் கையுமாக நேரே அவள் கூடாரத்துக்குப் போனான். அவள் தொத்திறைச்சி வைத்த ரொட்டியைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"அடுத்தவன் ரேடியேட்டரை எட்டிப் பார்க்கத் தெரியுதுல்ல? உன் வண்டிக்குக் கொஞ்சம் மருந்து வாங்கி வெச்சுக்கத் தெரியலையா?"

"வெச்சிருந்தேன்டா," என்றாள், வாயிலிருந்ததை விழுங்கிவிட்டு. "அதுதான் உன் வண்டியில ஏறிப் போய் ஜெயிச்சுட்டு வந்துடுச்சே!"